பௌலி சோதனை

நான் குடியிருக்கும் வீட்டின் வாடகையில் இணையமும் சேர்த்தி. கீழ்த்தளத்தில் இருக்கும் சௌனா என்கிற நீராவி அறைகூட வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். யாருக்கு எந்தக் கிழமை என்று மாடிப்படிச் சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். இணையத்துக்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. எவ்வளவு இறக்கினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, இன்றைய பங்கு தீர்ந்தது என்று குறுஞ்செய்தி வருவதில்லை. பின்லாந்தின் தம்பெரே நகரத்துக்கு வந்து ஆறு வருடம் ஓடிவிட்டது. இன்னமும் போனைப் பைக்குள் வைக்கும்போதெல்லாம் என் பெருவிரல் தானாகப் போய் டேட்டாவை அணைத்துவிடுகிறது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு நிரல்மொழியின் கையேட்டில் ஒரு பக்கம் பார்க்க வேண்டுமென்றால்கூட, முழுக் கையேட்டையும் இறக்கி டிஸ்கில் போட்டுக்கொண்ட பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. விட முடியவில்லை.

ஒருநாள் அலுவலகத்தில் கால்மணி நேரம் இணையம் நின்றுபோனது. எல்லோரும் காபி குடிக்கப் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவுக்குத் தலைவியான ஹென்னா, ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர், என் மேஜைப் பக்கம் வந்து நின்று, இணையம் இல்லாமல் எப்படி வேலை நடக்கிறது என்று கேட்டார். என் வெளி டிஸ்கைக் காட்டினேன். கையேடுகள், நிரல் நூலகங்கள், லினக்ஸில் நிறுவ வேண்டிய பொதிகள் எல்லாம் அதில் இருந்தன. ஹென்னா அந்தக் கறுப்பு டப்பாவை மரியாதையோடு பார்த்தார். "மிகவும் நல்லது. எல்லோரும் இப்படி இருக்க வேண்டும்" என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது: போர், புயல், மின்வெட்டு என்று எது வந்தாலும் மூன்று நாளைக்குத் தண்ணீரும் சாப்பாடும் வீட்டில் இருக்க வேண்டும் என்று இந்த நாட்டு அரசாங்கம் குடிமக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. நானும் அந்தக் கணக்கில் ஆபத்துக் காலத்துக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். அடுத்த வாரக் கூட்டத்தில் என்னை உதாரணமாக வேறு சொன்னார். எங்கள் பக்கத்தில் இது ஆபத்துக் காலத்துக்கு அல்ல, அன்றாடத்துக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. புன்னகை செய்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

இந்தப் பழக்கம் எனக்கு ஒருவனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவனைப் பால்பாண்டி என்று வைத்துக்கொள்வோம். திருச்சுழிக்குக் கிழக்கே நரிக்குடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஊர் அவனுடையது, அதற்கு அடுத்த ஊர் என்னுடையது. அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நாலு வருடம் ஒரே பெஞ்சு. வகுப்பில் எனக்குப் புரியாததை அவன் பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொடுப்பான், அதை வைத்துத்தான் நான் பாஸானேன். படிப்பு முடிந்ததும் அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. எட்டு மாதத்தில் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பாண்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. நிலம் இருந்தது, ஆனால் மழை ஏமாற்றிய வருடங்களில் முக்கால்வாசி சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. அப்பாவின் கட்டிலை விட்டு நகராமல், படித்த வேலையையும் கைவிடாமல் இருக்க வேண்டும். அவனுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நான் பின்லாந்துக்குக் கிளம்பியபோது என் பழைய லேப்டாப்பை அவனிடம் கொடுத்தேன். அதில் இருந்த விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸைப் போட்டான். ஒருதரம் விசைப்பலகை மாற்ற அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனபோது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்த கடைக்காரர், "தம்பி, சிஸ்டம் செத்துப்போச்சு, புதுசா ஏத்தணும்" என்று பரிதாபப்பட்டாராம். அந்தச் செத்த சிஸ்டத்தில்தான் அவன் பிழைப்பு ஓடியது. அவர்கள் தெருவுக்கு வயர் இணைப்பு வரவில்லை. பத்து வீடாவது சேர்ந்தால் கம்பம் நட்டு இழுத்துத் தருகிறோம் என்றார்கள், நாலு வீடுதான் தேறியது. போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அது தீர்ந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்த சிக்னலும் மொட்டைமாடியின் தெற்குக் கைப்பிடிச் சுவரில் மட்டும்தான் நிற்கும். அங்கே போனை வைத்து, வெயிலில் கொதித்து அணைந்துபோகாமல் இருக்க ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டு, கீழே அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பை இணைத்துக்கொள்வான். வலைப்பக்கங்களைப் படம் இல்லாமல் எழுத்தாக மட்டும் காட்டும் உலாவியில் படிப்பான். எந்தக் கோப்பையும் முழுசாக இறக்க மாட்டான், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் இறக்குவான். ஒரு தடவை இறங்கியதை மறுபடி இறக்குவது அவனுக்குப் பாவம். "கோடு வெறும் எழுத்துதானலே. எழுத்துக்கு என்ன எடை இருக்கு? இவுக டூலுதான் யானைக் கனம் கனக்குது" என்பான். நிரலைத்தான் அவன் கோடு என்பான்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் குழுவுக்கு வெளியிலிருந்து ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் பாண்டியின் பெயரைச் சொன்னேன். பரீட்சை மாதிரி ஒரு வேலை கொடுத்துப் பார்த்தார்கள், வந்தவர்களில் அவன்தான் முதல். சேர்ப்பதற்கான பாரத்தைப் பரிந்துரைத்தவன் என்கிற முறையில் நான் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் ஒரு வரி, வேலை செய்யும் இடத்தில் இணைய இணைப்பு எப்படி என்று. நான் வந்த புதிதில் ஒரு விருந்தில் ஒருவர் உங்கள் கிராமத்தில் மின்சாரம் உண்டா என்று கேட்டிருந்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கிடந்தது. மண்சட்டி கண்முன் வந்தது. ஃபைபர் என்று எழுதினேன். பாண்டியைக் கேட்கவில்லை. ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் நிறுவனத்தின் வேலை வெந்நீர் சம்பந்தப்பட்டது. இங்கே ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் தண்ணீரைக் காய்ச்சி, நிலத்துக்கடியில் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் ஜன்னலடியில் இருக்கும் இரும்புப் பட்டைகள் அதில் சூடாகி அறையைக் கதகதப்பாக்கும். எந்தக் குழாயில் எவ்வளவு சூடு, எங்கே கசிவு என்று பார்த்துச் சொல்லும் நிரலை நாங்கள் எழுதுகிறோம். கண்மாய் வெடித்துக் கிடக்கும் சித்திரை வெயிலில், பனியனோடு உட்கார்ந்து, பாண்டி இந்த ஊர் வீடுகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். பால்பாண்டி என்று முழுசாகச் சொல்ல இவர்கள் நாக்கு வளையவில்லை. பௌலி என்று இங்கே ஒரு பெயர் உண்டு, அதையே வைத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. பௌலி எழுதினால் திருத்த ஒன்றும் இருக்காது என்று ஹென்னா சொல்வார். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு வேலை செய்யும் முறையை மாற்றினார்கள். நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டிய அத்தனை சாமான்களையும் ஒரே பொட்டியாகக் கட்டி, எல்லோரும் அதையே இறக்கி ஓட்ட வேண்டும். கன்டெய்னர் என்பார்கள். பொட்டி நாலு ஜிபிக்கு மேல், வாரம் ஒரு புதுப் பொட்டி. முடிவு செய்வதற்கு முன் கூட்டத்தில் ஹென்னா கேட்டார், "இது எல்லோருக்கும் சரிவருமா?" இந்த ஊரில் கேள்வி என்றால் கேள்விதான். சரிவராது என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நின்றுவிடும், மற்றவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். பதில் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவை அணைத்து வைத்திருந்த பாண்டியின் குரல் மட்டும் "நோ பிராப்ளம்" என்றது. கூட்டம் முடிந்ததும் அவனுக்கு எழுதினேன்: "சமாளிச்சிருவியாலே?" உடனே பதில் வந்தது: "பாத்துக்கிறலாம்." இருவருக்கும் தெரிந்த விஷயத்தை இருவரும் அதற்குமேல் பேசவில்லை.

எப்படிச் சமாளித்தான் என்று நான் விசாரிக்கவே இல்லை. பொட்டி வெளியான மூன்றாம் நாள்தான் அவனிடமிருந்து வேலை வரும். வந்த வேலை எப்போதும்போல் சுத்தமாக இருக்கும், ஆனால் அதற்குள் மற்றவர்கள் வேறெங்கோ போயிருப்பார்கள். இலையுதிர் காலத்தில், குளிர் தொடங்குவதற்கு முன் முடித்தாக வேண்டிய ஒரு திருத்தம் அவன் கையில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, திங்களன்று தருகிறேன் என்று எழுதினான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பேச்சுமூச்சு இல்லை. ஹென்னா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பௌலியின் விஷயத்தில் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பாரத்தில் எழுதியது பொய் என்று தெரிந்தால் என்னையே நம்ப மாட்டார்கள், என் குடியிருப்பு அனுமதி இந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது, மனைவியும் மகளும் இங்கே இருக்கிறார்கள். இல்லை என்றேன். "வீட்டில் ஏதாவது சிரமமாக இருக்கலாம்" என்று வேறு சேர்த்துச் சொன்னேன். ஹென்னா தலையாட்டினார். ஆண்டு முடிவில் பாண்டியின் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. அவனுக்கு போன் போட்டேன். "வேலைன்னா வரும், போகும்லே. நீ ஒன் பொழப்பப் பாரு" என்றான். அதற்குப் பிறகு தீபாவளி, பொங்கல் வாழ்த்தோடு சரி.

போன சித்திரையில் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். பயணச்சீட்டைப் பிரிண்ட் எடுக்கப் பாளையம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டியிருந்தது. ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, பில் கட்டுவது எல்லாம் அங்கே நடக்கும். கடையை நடத்தும் அக்கா உள்ளே திரும்பி யாரிடமோ தெலுங்கில் டீ வைக்கச் சொல்லிவிட்டு, என் சீட்டில் ஹெல்சிங்கி என்று இருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நீங்க பின்லாந்துலயா இருக்கீக? அப்ப நீங்கதான் பாண்டியோட சேக்காளியா?"

ஆமாம் என்றேன்.

"ஒங்க ஆபீஸ் பைலு எங்க கடையிலதான ஏறும். அவரு வெள்ளிக்கெழமயானா ஒரு லிங்க்கு அனுப்புவாரு. நான் போட்டுவிட்ருவேன், எங்க வயரு நெட்டுல மடமடன்னு எறங்கிரும். டிஸ்கப் பொட்டலங் கட்டி சனிக்கெழம நரிக்குடி பஸ்ஸுல கண்டக்டர் கையில குடுத்துட்டா, திருச்சுழி ஸ்டாப்புல அவரு நின்னு வாங்கிக்கிருவாரு. அத்தாம்பெரிய பைலப் பாத்துட்டு, இவுக வாரா வாரம் புதுப்படம் பாக்குறாகன்னு நெனச்சுட்டேன். கேட்டதுக்கு, 'இல்லக்கா, பின்லாந்துக்காரக வீட்டுக்கு வெந்நி போடுறேன்'னாரு." அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, "ஒரு வாட்டி பழக்கமான கண்டக்டரு லீவு. புது ஆளு மறந்துபோயி நேரா நரிக்குடிக்குக் கொண்டுபோயி, அங்க டீக்கடையில குடுத்துட்டாரு. தேடிப் பிடிச்சு அவரு கைக்குப் போய்ச் சேர மூணு நாளாச்சு. அன்னைக்குப் போன்ல அவரு கொரலே சரியில்ல தம்பி" என்றார். பாண்டியிடமிருந்து பேச்சுமூச்சு வராத அந்தத் திங்களும் செவ்வாயும் எனக்கு அப்போதுதான் விளங்கின.

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் மருந்து போகும், பூக்கட்டு போகும், மறந்துவிட்டு வந்த சாவி போகும். ஆளில்லாமல் பொட்டலம் மட்டும் பிரயாணம் செய்வது எங்களுக்குப் புதிதில்லை. பல்லாயிரம் மைல் தள்ளி இருக்கும் ஒரு நகரத்தின் குழாய்களும் அந்தப் பொட்டலத்தை நம்பி இருந்தது எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. தெரியாமல் போயிற்று என்று எழுதுவதுகூடச் சரியில்லை, நான் தெரிந்துகொள்ளவில்லை. பாண்டி இப்போது எங்கே என்று அக்காவிடம் கேட்டேன். பந்தல்குடி தாண்டி எடைமேடையில் இருக்கிறான் என்றார்.

தூத்துக்குடி ரோட்டில் லாரிகளை ஏற்றி எடை போடும் இடம் அது. கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, லாரி நம்பரைத் தட்டிச் சீட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. "எப்பலே வந்த?" என்றான், நேற்றுத்தான் பிரிந்தவன் மாதிரி. அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வேறு வழியில்லாமல் பெரியம்மாவைக் கூட்டி வந்து வைத்திருப்பதாகவும், அவரை அப்பா சில நேரம் அடையாளம் தெரியாமல் திட்டுவதாகவும் சொன்னான். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் அங்கே கம்ப்யூட்டர் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம், விரக்தியாகச் சிரித்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"டிஸ்க பஸ்ஸுல வரவழைச்சியாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேலே."

"நீ கேக்கலயே."

"கேட்டேன்ல? சமாளிச்சிருவியான்னு."

"அது கேள்வியாலே? சமாளின்னு சொன்ன."

ஒரு லாரி ஏறி நின்றது. சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை காத்திருந்தேன். பாரத்தில் ஃபைபர் என்று எழுதியது நான்தான் என்று அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அவன் முகத்தில் மாற்றமே இல்லை.

"தெரியும். மொத மீட்டிங்லயே அந்தம்மா, ஒங்க ஊருக்கு ஃபைபர் வந்திருக்கு, ரொம்ப சந்தோசம்னு சொன்னாக. ஏதோ நீ போட்டுருக்கன்னு புரிஞ்சிக்கிட்டேன். இல்லன்னு சொன்னா ஒன்னையப் பொய்யாக்குன மாதிரி ஆயிரும்ல. அதான் அப்பிடியே விட்டுட்டேன்."

என் பொய்யை ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அவன் தூக்கிச் சுமந்திருக்கிறான். வாரா வாரம் திருச்சுழி ஸ்டாப்பில் வெயிலில் நின்றது இணையம் இல்லாததால் மட்டுமில்லை, என் பெயர் கெடக்கூடாது என்பதற்காகவும்தான். இத்தனைக்கும் அவன் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

திரும்பி வந்த முதல் நாளே ஹென்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாரம், மண்சட்டி, பஸ், நரிக்குடி டீக்கடை எல்லாம். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஏன் சொல்லவில்லை? பொட்டியைச் சின்னதாக்குவது அரை நாள் வேலை" என்றார். எங்கள் ஊரில் வீட்டுக் குறையை வெளியாளிடம் சொல்வது கேவலம் என்றேன். "ஆனால் நாங்கள் வெளியாட்கள் இல்லையே. ஒரே குழு" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. என் வேலையும் போகவில்லை, அனுமதியும் போகவில்லை. சொன்னபடியே அன்று மத்தியானம் உட்கார்ந்து, தேவையில்லாத சாமான்களைத் தூக்கி எறிந்து, மாறிய பகுதி மட்டும் இறங்குகிற மாதிரி செய்துவிட்டார். போன பொட்டிக்கும் இந்தப் பொட்டிக்கும் உள்ள வித்தியாசம் இப்போது பாண்டியின் ஒருநாள் டேட்டாவில் மிச்சம் வைத்து இறங்கும். மறுநாள் அவனுக்குக் கடிதம் எழுதினார். நடந்ததற்கு வருந்துகிறோம், திரும்பி வர வேண்டும் என்று.

பாண்டி இரண்டு வரியில் நன்றி சொல்லி மறுத்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. போன் போட்டு, கையில் வந்த வேலையை ஏன் தட்டிவிடுகிறாய் என்று சத்தம் போட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஃபைபர் இருக்குன்னு சொன்னப்பவும் நீ என்னையக் கேக்கல. இல்லன்னு சொன்னப்பவும் கேக்கல. எங்க வீட்டு மொட்டமாடியப் பத்தி ரெண்டு தடவ அவுககிட்டப் பேசுனது நீதான். நான் ஒரு தடவ கூடப் பேசல."

"தப்புத்தான்லே. அதுக்காக வேலைய விடுவியா?"

"இனி நான் எது அனுப்பிச்சாலும், பாவம், சட்டிக்கடியில போன வச்சு அனுப்பிச்சிருக்கான்னுதான் அவுக பாப்பாக. கோடப் பாக்க மாட்டாக. என்னால ஏலாதுலே. வைக்கிறேன், லாரி வருது."

அவன் சொன்னது சரியா, வீம்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வேலை வேண்டும், இரக்கம் வேண்டாம் என்பவனிடம், இது இரக்கமில்லை, இந்த ஊரில் இது நியாயம் என்று எப்படிப் புரியவைப்பது? அந்த வித்தியாசம் எனக்கே இங்கே ஆறு வருடம் இருந்த பிறகுதான் மங்கலாகத் தெரிகிறது. அவன் வேண்டாமென்றது அப்பாவின் கட்டிலை விட்டு நகராமல் பார்க்கிற வேலையை. அப்பா அவனுடைய குரலுக்கு மட்டும்தான் வாய் திறந்து சாப்பிடுவாராம். அதை என்னிடம் சொன்னது அவன் இல்லை, ஊருக்குப் பேசும்போது என் அம்மா சொன்னார்.

ஹென்னா இதோடு விடவில்லை. ஒவ்வொரு புதுப் பதிப்பும் வெளியாகும் முன், குறைந்த இணையத்தில் அது இறங்குகிறதா, ஓடுகிறதா என்று பார்த்தாக வேண்டும் என விதி வைத்தார். வேலைப் பட்டியலில் அதற்கு யாரோ பௌலி சோதனை என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். கேலியாக இல்லை, நினைவாகத்தான். அதைச் செய்யும் பொறுப்பு என்னுடையது. லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை அடித்தால் என் கணினிக்கு வரும் இணையத்தின் கழுத்தை நெரித்துவிடலாம். எவ்வளவுக்கு என்று ஹென்னா கேட்டபோது, முன்னொரு நாள் பாண்டி தன் மொட்டைமாடியில் கிடைக்கும் வேகத்தை அளந்து அனுப்பிய எண்ணைக் கொடுத்தேன்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த எலினா என்கிற பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பௌலி யார்?" என்று கேட்டாள். வாய்வரை வந்துவிட்டது. "அவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். ஏதோ அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் என்று நினைத்து, கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அன்றே பாண்டிக்கு எழுதினேன்: "ஆபீசுல ஒரு பொண்ணு ஒன்னைய யாருன்னு கேக்குது. என்ன சொல்லட்டும்? நடந்ததத் தமிழ்ல எழுதவும் தோணுது, எழுதட்டுமா?" நாலு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"நெட்டு இல்லாதவன்னு சொல்லாத. வெந்நிக் குழாய்க்குக் கோடு எழுதுனவன்னு சொல்லு, போதும். நம்ம ஆளுகளுக்கு எழுதுறதா இருந்தா முழுசா எழுது, அவுகளுக்குத் தெரியும். பேர மட்டும் மாத்திரு. ஊர மாத்தாத."

அவன் சொன்னபடியே எலினாவிடம் ஒரு வரியில் சொன்னேன். அவள் ஜன்னலடியில் இருந்த சூட்டுப்பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "நன்றாக எழுதியிருக்கிறார்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் உங்களுக்கு.

இன்றைக்குச் சோதனை நாள். திரையில் இறக்கத்தைக் காட்டும் பட்டை பாதி தூரம்கூட நகரவில்லை. இது முடிந்ததும் இணையத்தைப் பழையபடி திறந்துவிட இன்னொரு வரி அடித்தால் போதும். பல நாள் நான் அதை அடிப்பதில்லை. சாயங்காலம் கிளம்பும்வரை அந்த வேகத்திலேயே வேலை பார்க்கிறேன். சுற்றியுள்ள மேஜைகளில் இணையம் கொட்டிக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் பாண்டியின் மொட்டைமாடியில் இருக்கிறேன். அங்கே பாண்டி இல்லை.